பூவும் பருவமும்

பூவின் நிலைகளைத் தமிழர் அரும்பு, போது, மலர், வீ, செம்மல் எனப் பகுத்துப் பெயரிட்டனர். இவற்றுள் வீ என்பது உதிர்ந்த பூ. செம்மல் என்பது வாடிய பூ. பூவைப் போலவே செடிக்கும் பருவங்கள் உண்டு.

மழை குறைந்த ஊத்துக்குளி வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களில் செண்டுமல்லியையும் மல்லிகையையும் காணலாம். செண்டுமல்லி ஒருபருவச் செடி. நாற்று நட்டு ஏறத்தாழ 60 நாள்களில் பூக்கத் தொடங்கி, விதை முற்றியபின் மடிந்துவிடும். மல்லிகையோ பல்லாண்டுச் செடி. நவம்பர் இறுதியில் கவாத்து செய்தால், மார்ச்சு முதல் புதுத் தளிர்களில் அரும்பு கட்டும்.

இவ்வேறுபாட்டை அறியாதவர், இலையிழந்து நிற்கும் மல்லிகையைப் பட்டுப்போனதெனக் கருதிப் பிடுங்கிவிடுவர். செண்டுமல்லியை ஒன்றுவிடாமல் மாலைக்குக் கொய்துவிட்டு, அடுத்த பருவத்திற்கு விதையின்றி நிற்பர். வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளினால் செடி மேலும் பூக்கும் என்பது உண்மையே. எனினும், நன்கு திரண்ட பூக்கள் சிலவற்றைச் செடியிலேயே உலரவிடுதல் வேண்டும். அவற்றுள் ஊசி போன்ற கருநிற விதைகள் செறிந்திருக்கும். அழகு நீங்கியதெனக் கழிக்கப்படும் செம்மலில்தான் செடியின் அடுத்த தலைமுறை அடங்கியுள்ளது.