ஷெகாவதியின் ஹவேலிகள்

ராஜஸ்தானின் வடகிழக்கில் ஜுஞ்ஜுனு, சீகர், சூரு மாவட்டங்களில் பரந்துள்ள வறண்ட நிலப்பகுதி ஷெகாவதி எனப்படும். ஒட்டக வணிகப் பாதைகள் இவ்வழியே சென்றமையால் இங்கு வணிகர் செழித்தனர். 19ஆம் நூற்றாண்டில் வாணிகம் துறைமுக நகரங்களை நாடியபோது, மார்வாரி வணிகர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்றனர். குடும்பத்தார் பலர் ஊரிலேயே தங்கினர். ஈட்டிய பொருளைக் கொண்டு அவ்வணிகர் சொந்த ஊரில் எழுப்பிய பெருவீடுகளே ஹவேலிகள்.

குமிழ்கள் பதித்த பெருங்கதவில் ஆள் நுழையத் திட்டிவாசல் ஒன்று இருக்கும். முதல் முற்றம் ஆடவர்க்கும் வணிகம் பேச வருவோர்க்கும் உரியது. உள்முற்றம் பெண்டிர் புழங்குமிடம். தடித்த சுவர்கள் வெயிலைத் தடுக்க, முற்றங்கள் ஒளியும் காற்றும் தந்தன.

ஹவேலிகளின் உண்மையான பெருமை சுவரோவியங்களே. வெளிச்சுவரில் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டினர். பூச்சு இறுகும்போது வண்ணமும் அதனோடு ஒன்றிவிடும். காய்ந்தபின் தீட்டியது விரைவில் உதிரும். ஆகவே ஒருநாளில் வரைந்து முடிக்கக்கூடிய அளவே பூசுவர். காவி, அவுரி நீலம், விளக்குக்கரி ஆகியன பழைய வண்ணங்கள். நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியச் செயற்கைச் சாயங்கள் வந்தன. கொத்தர் பலர் ஓவியராகவும் விளங்கினர்.

தொடக்கத்தில் கண்ணன் கதைகளும், ஒட்டகத்தில் செல்லும் டோலா, மாரு என்னும் காதலரும் இடம்பெற்றனர். பின்னர் புகைவண்டியும் கப்பலும் மோட்டார் வண்டியும் சுவரேறின. நேரில் காணாதவற்றை ஓவியர் அச்சுப்படங்களையும் கேள்வியையும் கொண்டு வரைந்தனர். அதனால் சில சுவர்களில் ரயில்பெட்டிகள் வரிசை வீடுகளைப் போல நிற்கின்றன. பிழைதான், ஆயினும் காண இனிது.

20ஆம் நூற்றாண்டில் குடும்பத்தாரும் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஒரு வீட்டுக்கு உரிமையாளர் பலர். எல்லாரும் இசையாமல் கூரையைப் பழுதுபார்க்க இயலாது. மழைநீர் கசிந்து பூச்சு பெயர்கிறது. சிமெண்டால் ஒட்டினால், ஈரம் வெளியேற வழியின்றிக் கேடு பெருகுகிறது. நவல்கட்டிலுள்ள போதார் ஹவேலி அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. வேறு சில விடுதிகளாயின. எஞ்சிய பலவற்றில் இன்று குடியிருப்பவர் காவலாளர் மட்டுமே.

சொற்பொருள்: திட்டிவாசல் – பெருங்கதவில் அமைந்த சிறுவாயில், அவுரி – நீலச்சாயம் தரும் செடி, கேள்வி – பிறர் சொல்லக் கேட்டறிந்தது.

வினாக்கள்
1. ஈரப்பூச்சில் வண்ணம் தீட்டியது ஏன்?
2. ஹவேலிகளைப் பழுதுபார்ப்பதில் உள்ள இடர்கள் யாவை?
3. உம் ஊரில் உள்ள பழைய வீடொன்றின் அமைப்பை ஐந்து தொடர்களில் எழுதுக.