எங்கள் ஊர் அடுக்களை விந்தைகள்

அடுக்களை என்றால் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் உரிய இடம் என்று நம்மில் பலர் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆனால் இரசாயன வகுப்பில் நாம் படிப்பதில் பாதி அங்கேதான் நாள்தோறும் நடக்கிறது.

முதலில் கவுனி அரிசியைப் பார்ப்போம். பர்மாவில் கொண்டுவிற்ற நகரத்தார் அங்கிருந்து கொண்டு வந்தது என்பர். பார்வைக்குக் கறுப்பு, வெந்தாலோ ஊதா! நாவற்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தரும் ஆந்தோசயனின் என்ற பொருளே இதற்கும் காரணம். அது தவிட்டில் இருப்பதால் நீரில் எளிதில் இறங்கிவிடும். ஆகவே அரிசியைக் கழுவி இரவே ஊற வைத்து, மறுநாள் அந்த நீரிலேயே வேக வைக்க வேண்டும். சர்க்கரையை நன்றாக வெந்த பிறகே சேர்க்கலாம். முந்திச் சேர்த்தால் அரிசி விறைத்துக்கொள்ளும்.

செட்டிநாட்டுச் சமையல் என்றதும் எல்லோரும் காரத்தைச் சொல்வார்கள். அந்த மிளகாய் நம் நாட்டுப் பயிரே அன்று! அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகாயின் காரம் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. நாக்கு எரிந்தால் ஒரு வாய் தயிர் சாப்பிடுங்கள். மிளகாய் அரிந்த கை எரிந்தால் நல்லெண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள்.

இனிப் பாத்திரங்களுக்கு வருவோம். இதுதான் முக்கியம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அதில் புளிக்குழம்பு வைத்தால் புளியின் அமிலம் செம்பைக் கரைத்துக் களிம்பேற்றும். உண்டவருக்கு வாந்தி வரும். அதனால்தான் உட்புறம் ஈயம் பூசினார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் தேய்த்துப் பூசுவார்கள். அந்தத் தொழிலாளர்களை இன்று தெருவில் காண்பதே அரிது.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. நம் பாடநூலில் ஈயம் என்பது காரீயம், அது நஞ்சு. ஆனால் ஈயம் பூசுவதும், இரசம் வைக்கும் ஈயச்செம்பும் வெள்ளீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். காரீயம் உணவில் சிறிதளவு சேர்ந்தாலும் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தெரியாத இடத்தில் ஈயச்செம்பு வாங்காதீர்கள். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பளபளக்கும் பழைய பாத்திரங்களை முற்றத்தில் அழகுக்கு வையுங்கள். நல்ல வெள்ளீயம் பூசாமல் அவற்றில் சமைக்க வேண்டாம்.

நல்ல ஈயச்செம்புக்கும் ஒரு பக்குவம் உண்டு. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றினால் சற்று நேரத்தில் அடி ஓட்டையாகும். உள்ளே நீர் இருக்கும்வரை சூடு ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது, செம்பும் தப்பிக்கும்.

வெள்ளிக் கிண்ணம் கறுத்துவிட்டதா? காற்றிலுள்ள கந்தகச் சேர்மம் வெள்ளியோடு கூடியதால் வந்த கறுப்பு அது. ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கிண்ணத்தை அதன்மேல் படும்படி வைத்து, கொதிநீரும் ஒரு கரண்டி சமையல் சோடாவும் சேருங்கள். சில நிமிடங்களில் அழுகிய முட்டை வாடை இலேசாக வரும், கறுப்பு மறையும். பொடி போட்டுத் தேய்த்தால் வெள்ளி தேயும். இம்முறையில் கந்தகம் அலுமினியத்தின் பக்கம் போய்விட, வெள்ளி அப்படியே மிஞ்சுகிறது. இதுவே மின்வேதியியல்! நம் காரைக்குடியில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய ஆராய்ச்சிக்கூடம் ஆராய்வதும் இத்துறையைத்தான். கல் பதித்த நகைகளுக்கு மட்டும் இம்முறை ஆகாது. கொதிநீரைப் பெரியவர்களே ஊற்றட்டும்.