பாடம்: பழைய மடிக்கணனியும் பழைய இசையும்

இந்தப் பாடத்தில் இரண்டு விடயங்களைச் சேர்த்துக் கற்கவிருக்கிறோம். ஒன்று, அலுவலகங்களும் வெளிநாட்டு உறவினரும் கழித்துவிட்ட பழைய மடிக்கணனியைச் சுதந்திர மென்பொருளின் துணையோடு மீண்டும் இயங்கச் செய்வது. மற்றது, அப்படி இயங்கும் கணனியில் ஜாஸ் என்னும் இசையைக் கேட்டுப் பழகுவது. "ஒரு துண்டு நிலத்துக்கு அலையும் நமக்கு ஜாஸ் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கான விடையைப் பாடத்தின் பிற்பகுதியில் தேடுவோம்.

1. ஏன் இப்போது?

2020 ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் பிள்ளைகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி; அதற்கும் 'சிக்னல்' தேடி மலையேற வேண்டும். 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி சரிந்த பின்னர் புதிய கணனி என்பது கூலிக் குடும்பத்துக்கு எட்டாக் கனியாயிற்று. நிலத்தை விட்டு வந்த குடும்பத்துக்கோ பாயும் பானையும் கூடப் புதிதாக வாங்கவேண்டிய நிலை.

அதேவேளை பயன்படுத்தக்கூடிய கணனிகள் குப்பைக்குப் போகின்றன. மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11 பல பழைய கணனிகளை ஏற்பதில்லை. ஆகவே அலுவலகங்கள் அவற்றைக் கழித்துவிடுகின்றன. கணனியின் உடல் கெடவில்லை. அதை நடத்தும் மென்பொருளின் காலமே முடிந்துவிட்டது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

2. விதைநெல்லும் மென்பொருளும்

கணனியைத் திறந்தவுடன் திரையையும் விசைப்பலகையையும் ஒலியையும் ஒழுங்குபடுத்தி, மற்ற வேலைகளுக்கு இடமளிப்பது பணிசெயல் முறைமை. விண்டோஸ் அவற்றுள் ஒன்று. லினக்ஸ் மற்றொன்று.

விவசாயிகளாகிய உங்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் பாட்டன்மார் அறுவடையில் நல்ல கதிரைத் தெரிந்து விதைக்கு எடுத்து வைத்தார்கள். அயலவர் கேட்டால் ஒரு படி அளந்து கொடுத்தார்கள். கலப்பின விதை வந்தபின் போகத்துக்குப் போகம் கடையில் வாங்கவேண்டியதாயிற்று. மென்பொருளிலும் இவ்விரு வகை உண்டு. முதல் வகையைச் சுதந்திர மென்பொருள் என்கிறோம். அதை எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். எப்படி இயங்குகிறது என்று ஆராயலாம். பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். திருத்தி, அந்தத் திருத்தத்தையும் பகிரலாம். இவை நான்கும் அதன் உரிமைப் பத்திரத்திலேயே எழுதப்பட்டவை. ஆகவே பிரதி எடுப்பது களவாகாது.

1983 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்ற அமெரிக்கர் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்து இந்த முயற்சியைத் தொடங்கினார். 1991 ஆம் ஆண்டில் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர் லினக்ஸின் உட்கருவை எழுதி வெளியிட்டார். அதன்பின் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதை வளர்த்தனர்.

3. நம் நாட்டின் சான்று

இது வெள்ளைக்காரர் விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையோரத்தை அழித்தபோது, காணாமற் போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே என்ன தேவை என்று ஒழுங்காகப் பதிய வழியிருக்கவில்லை. இலங்கையின் கணனித் துறையினர் தொண்டர்களாகக் கூடி, சில வாரங்களிலேயே ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். அதன் பெயர் 'சஹானா'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா மென்பொருள் மன்றம் அதை வளர்த்தெடுத்து, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்து விட்டது. 2005 ஆம் ஆண்டில் பாகிஸ்தானிலும் 2010 ஆம் ஆண்டில் ஹெயிட்டியிலும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்குள்ளோர் அதைப் பயன்படுத்தினர். சமூக நலனுக்கான 2006 ஆம் ஆண்டின் விருதை சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது. இடம்பெயர்ந்தோரின் பெயரைப் பதியவென்று இலங்கையில் பிறந்த மென்பொருள் உலகத்துக்கே உதவியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

4. செய்முறை

கணனி படித்த ஓர் இளைஞரையோ யுவதியையோ துணைக்கு வைத்துக்கொண்டு கீழ்வரும் ஒழுங்கில் செய்யவும்.

(அ) பார்த்து எடுத்தல்: திரை ஒளிர்கிறதா, விசைகள் வேலை செய்கின்றனவா, மின்னேற்றி உண்டா என்று பார்க்கவும். பற்றரி செத்திருந்தாலும் பல மடிக்கணனிகள் நேரடி மின்சாரத்தில் இயங்கும். ஆனால் பற்றரி வீங்கியிருந்தால் அதற்கு மின்னேற்றக் கூடாது. குத்தவோ நசுக்கவோ கூடாது. கழற்றி, தீப்பற்றும் பொருள்களுக்கு எட்டத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்கவும்.

(ஆ) சுத்தம் செய்தல்: நம் வீடுகளில் விறகடுப்புப் புகையும் மலைப் பனியின் ஈரமும் உண்டு. விசிறியில் கரியும் தூசியும் அடைத்தால் கணனி சூடேறித் தானாக நின்றுவிடும். மின்னிணைப்பைக் கழற்றி, மென்மையான தூரிகையால் சுத்தம் செய்யவும்.

(இ) இரண்டு உறுப்புகள்: கையில் சிறிது பணம் இருந்தால் இரண்டு இடங்களில் செலவிடலாம். நினைவகம் 4 ஜிபி ஆக இருப்பது நல்லது. சுழலும் பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் அசையாத் தட்டைப் பொருத்தினால் வேகம் பெரிதும் கூடும். 120 ஜிபி அளவு போதுமானது.

(ஈ) பழையதைக் காப்பாற்றுதல்: புதிய முறைமையை நிறுவும்போது உள்ளேயிருப்பவை அழிந்துவிடும். படங்கள், கடிதங்கள், காணிப் பத்திரப் பிரதிகள் ஏதும் இருந்தால் முதலில் வேறிடத்தில் பிரதி எடுக்கவும்.

(உ) முறைமையைத் தெரிதல்: 4 ஜிபி நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு பொருத்தமானது. 2 ஜிபி ஆனால் லுபுண்டு அல்லது அன்டிஎக்ஸ். மிகப் பழைய 32 பிட் கணனிக்கும் அன்டிஎக்ஸில் பதிப்பு உண்டு. அந்தந்த முறைமையின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கவும்.

(ஊ) பென் டிரைவ் தயாரித்தல்: பதிவிறக்கிய கோப்பை வெறுமனே பிரதி செய்தால் போதாது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் எழுத வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் ஏற்கனவே உள்ளவை அழியும்.

(எ) சோதித்தல்: கணனியைத் திறக்கும்போது டெல், லெனோவோ வகைகளில் பெரும்பாலும் எஃப்12 விசையையும், எச்.பி. வகையில் எஸ்கேப் அல்லது எஃப்9 விசையையும் அழுத்தி, பென் டிரைவைத் தெரிவு செய்யவும். நிறுவாமலே முறைமை இயங்கும். வைஃபை, ஒலி, திரை மூன்றையும் இந்நிலையிலேயே பரிசோதிக்கவும்.

(ஏ) நிறுவுதல்: எல்லாம் சரியென்று கண்ட பின்னரே நிறுவவும். கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதிப் பத்திரப்படுத்தவும். விசைப்பலகைப் பட்டியலில் தமிழைச் சேர்க்கவும். லிப்ரே ஒபிஸ் என்னும் அலுவலகத் தொகுப்பில் கடிதம் எழுதலாம், சீட்டுக் கணக்கும் போடலாம்.

(ஐ) பராமரிப்பு: இடி முழங்கும் நேரத்தில் மின்னிணைப்பைக் கழற்றிவிடவும். நம் மலைகளில் மின்னலால் கெடும் கருவிகள் அதிகம்.

5. இணையம் இல்லாத வீட்டில்

பொல்பிட்டிய மின் நிலையம் 1969 ஆம் ஆண்டு முதல் மின்சாரம் தருகிறது. ஆனால் அதைச் சூழ்ந்த மலைமடிப்புகளில் இன்றும் இணையம் சீராகக் கிடைப்பதில்லை. அதனால் மனம் தளரவேண்டாம். ஹட்டனுக்குப் போகும் ஒருவர் ஒருமுறை பதிவிறக்கி வந்தால் ஒரு கிராமமே பயன்பெறலாம். அரசாங்கப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து இலவசமாகப் பெறலாம். கிவிக்ஸ் என்னும் மென்பொருளின் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை முழுமையாகக் கணனியில் சேமித்து, இணையமின்றி வாசிக்கலாம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் 2005 ஆம் ஆண்டு முதல் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு கணனியில் சேர்த்ததைப் பென் டிரைவில் அடுத்த வீட்டுக் கணனிக்குக் கொண்டுபோகலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு கணனி என்பதைவிட, பத்துக் குடும்பங்களுக்குப் பொதுவாக ஒன்று, அதற்கு நேர ஒழுங்கு, பொறுப்பாக ஒருவர் என்று தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது.

6. கேட்கும் பாடம்

இனி ஜாஸுக்கு வருவோம். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரில் கொங்கோ சதுக்கம் என்று ஓரிடம் உண்டு. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஞாயிறு பிற்பகல்களில் அங்கே கூடிப் பறையடித்து ஆடினர். அந்தத் தாளமும், வயல்வேலைப் பாடல்களும், தேவாலயப் பாடல்களும், ஊர்வல வாத்தியங்களும் கலந்து 1900 ஆம் ஆண்டளவில் ஜாஸ் உருப்பெற்றது. பின்னர் தென்னாட்டுக் கறுப்பின மக்கள் இனக்கொடுமைக்கும் வறுமைக்கும் தப்பி இலட்சக்கணக்கில் வடக்கே சிக்காகோ முதலிய நகரங்களுக்கு இடம்பெயர்ந்தனர். இசையும் அவர்களோடு சென்றது.

லூயி ஆம்ஸ்ட்ரோங் 1901 இல் நியூ ஓர்லியன்ஸின் வறிய குடும்பமொன்றில் பிறந்தவர். சிறுவயதில் வண்டியில் பொருள் விற்க உதவினார். அவருக்கு வேலை கொடுத்த யூதக் குடியேறிக் குடும்பம் கடன் கொடுத்து உதவ, அடகுக்கடையில் கிடந்த பழைய கோர்னெட் என்னும் ஊதுகுழலை 5 டொலருக்கு வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அடகுக்கடையில் மங்கிக் கிடந்த கருவியில் பயின்ற பிள்ளைதான் பின்னர் உலகப் புகழ் பெற்றது.

1922 இல் அவர் சிக்காகோ சென்று கிங் ஒலிவரின் குழுவில் சேர்ந்தார். அக்குழு 1923 ஏப்ரலில் பதிவு செய்த 'டிப்பர்மவுத் புளூஸ்' நமது கேட்கும் பாடத்துக்கு ஏற்றது. 1923 ஆம் ஆண்டில் வெளியான ஒலிப்பதிவுகள் அமெரிக்கச் சட்டப்படி 2024 ஜனவரி முதல் பொதுச் சொத்தாகிவிட்டன. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணையக் காப்பகத்தில் இத்தகைய பழைய பதிவுகளைத் தேடிப் பெறலாம்.

பதிவு பழையது, இரைச்சல் இருக்கும். மூன்று முறை கேளுங்கள்.

முதல் முறை, கைதட்டி நான்கு நான்காக எண்ணுங்கள். பன்னிரண்டு நான்குகள் சேர்ந்தால் ஒரு சுற்று. சுற்று முடிந்து மீண்டும் தொடங்குவது பிடிபடும்.

இரண்டாம் முறை, தனி வாசிப்புகளைக் கவனியுங்கள். முதலில் கிளாரினெட், பின்னர் ஒலிவரின் கோர்னெட். ஊதுவாயை மூடியால் மூடித் திறந்து, மனிதக் குரல் அழுவதுபோல் ஒலிக்கச் செய்கிறார். சுற்றின் அளவை மீறாமல், அதற்குள் தன் மனத்தில் எழுவதை வாசிக்கிறார். கச்சேரியில் தனியாவர்த்தனம் வாசிக்கும் மிருதங்கக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் முறை, எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் பகுதிகளைக் கேளுங்கள். கோர்னெட் மெட்டைச் சொல்ல, கிளாரினெட் மேலே ஓடுகிறது. ட்ரம்போன் கீழே நின்று தாங்குகிறது. ஒருவர் குரலை ஒருவர் அமுக்கவில்லை. நம் சங்கக் கூட்டங்களில் இது எத்தனை அரிது!

ஜாஸ் நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. 1958 இல் டேவ் புரூபெக்கும் 1963 இல் டியூக் எலிங்டனும் தம் குழுவினரோடு இலங்கைக்கு வந்து வாசித்தனர். வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியமும் அவர் தம்பி எல். சங்கரும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். 1958 ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை அடுத்து அவர்களின் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்குச் சென்றது. சங்கர் பின்னர் ஜோன் மக்லாக்லினோடு 'சக்தி' குழுவை அமைத்து, ஜாஸையும் கர்நாடக இசையையும் ஒரே மேடையில் இணைத்தார்.

7. ஜாஸ் எதற்கு?

அடிமைத்தனமும் கங்காணி முறையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியன்று. ஆயினும் தோட்டக்காட்டில் விடிகாலையில் பெரட்டுக்கு அழைத்த அதே தப்புதான் காமன் கூத்திலும் முழங்கியது. வேலைக்கு விரட்டிய கருவியையே நம்மவர் கலைக்கும் கருவியாக்கினர். நியூ ஓர்லியன்ஸ் மக்களின் இசை பதிவாகியதால் நூறு ஆண்டு கடந்தும் நாம் கேட்கிறோம். நம் பாட்டிமாரின் தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் எங்கே பதிவாகியிருக்கின்றன?

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1969 இல் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் சென்றது. வறட்சிக் காலத்தில் நீர் வற்றினால் பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் வெளியே தெரிகின்றன. கட்டடம் அப்படி மீண்டும் தெரியலாம். பாடியவர் இறந்துவிட்டால் பாட்டு தெரிய வராது. இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்த இழப்பு இன்னும் விரைவாக நேர்கிறது. ஏனெனில் சேர்ந்து பாடிய அயல் சிதறிப்போகிறது.

நீங்கள் உயிர்கொடுத்த மடிக்கணனியால் இதைத் தடுக்க முடியும். ஓடாசிட்டி என்பது ஒலிப்பதிவுக்கான சுதந்திர மென்பொருள். முதியவரின் சம்மதத்தைக் கேட்டு, அமைதியான அறையில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், பிறந்த ஊர், பாட்டைக் கற்ற இடம், பதிவுத் திகதி ஆகியவற்றைச் சொல்லிப் பதியுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள்.

குழுவாகச் சிந்திக்க

1. நம் ஊரில் பயன்படாமல் கிடக்கும் கணனிகள் எத்தனை? யாரிடம் கேட்டுப் பெறலாம்?

2. பொதுக் கணனியை எங்கே வைப்பது? பெண்பிள்ளைகளுக்கும் சமமான நேரம் கிடைக்க என்ன ஒழுங்கு செய்யலாம்?

3. விதையைப் பகிர்வதற்கும் மென்பொருளைப் பகிர்வதற்கும் உள்ள ஒற்றுமை எது, வேற்றுமை எது?

4. விட்டு வந்த ஊரில் நாம் பாடிய பாட்டுகளுள் இன்னும் நினைவில் உள்ளவை எவை? அவற்றை முழுமையாகப் பாடத் தெரிந்தவர் யார்?

செயல்: அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு கணனியைச் சுத்தம் செய்து சோதித்து முடிக்கவும். நான்காம் வினாவில் பெயர் வந்த முதியவரை இந்த மாதமே சந்திக்கவும்.