ஆயாவின் விரல்களும் டி செல்களும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

உடலைக் காக்கும் படையே உடலைத் தாக்குமா? தாக்கும் என்கிறது அறிவியல். இதை நூலில் படிக்குமுன்பே என் ஆயாவின் இடக்கையில் கண்டிருக்கிறேன்.

1990 வாக்கில் ஆயாவுக்குத் தொழுநோய் கண்டது. எங்கள் பெருநகரில் அதைப் 'பெருவியாதி' என்று தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். கூட்டு மருந்து தொடங்கிய நான்காம் மாதம் தேமல்கள் சிவந்து வீங்கின; முழங்கையில் பொறுக்க முடியாத வலி. "மாத்திரைதான் இப்படிப் பண்ணுது" என்று நிறுத்திவிட்டார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போயின. பின்னர் மீண்டும் மருந்துண்டு நோய் நீங்கியது, விரல்கள் நிமிரவில்லை. நாற்று நடும் கூலியும் போயிற்று.

டி செல்கள் என்பவை எலும்பு மஜ்ஜையில் தோன்றி, மார்பினுள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் தேர்வு பெறும் வெள்ளணுக்கள். உத்திரமேரூரிலுள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, சபைக்குத் தகாதவர் யார் யார் என்று கூறுகிறதல்லவா? தைமஸும் அவ்வாறே, சொந்த உடலைப் பகைக்கும் செல்களைப் பெரும்பாலும் கழித்துவிடுகிறது. (சபைக்குத் தகாதவர் வீடு திரும்பியிருப்பார்; தைமஸ் கழித்த செல்லோ அங்கேயே மடிகிறது.)

தேறிய செல் எப்படி விழிக்கிறது? கிருமியை விழுங்கிய செல் அதன் புரதத் துண்டைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். டி செல்லின் ஏற்பி அதனோடு பொருந்தியதும் எல்சிகே என்ற நொதி, ஏற்பியை ஒட்டிய சிடி3 புரதங்களின் வாலில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அங்கே ஸாப்-70 வந்து அமர்ந்து செய்தியை மேலே கடத்துகிறது. ஏரி மதகு திறந்ததும் வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் பரவுவது போலத்தான். செல்லுக்குள் கால்சியம் பெருகும். கால்சிநியூரின், என்ஃபாட் என்ற புரதத்திலிருந்து பாஸ்பேட்டை நீக்கும். அது உட்கருவில் நுழைந்து இன்டர்லூக்கின்-2 மரபணுவை இயக்கும். ஒரு செல் பல்லாயிரமாகும். ஆனால் சிடி28 வழியே இரண்டாவது குறிப்பும் கிடைத்தால்தான் இது முழுமை பெறும். மதகை அடைக்கவும் ஆள் உண்டு, சிடிஎல்ஏ-4 அத்தகையது. திறப்பதும் அடைப்பதும் பிசகினால் மூட்டுவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் வரலாம். இரண்டாவது குறிப்பைத் தடுக்கும் அபாட்டாசெப்ட் மூட்டுவாதத்துக்கு மருந்தாக இருப்பது இதனால்தான்.

தொழுநோய் இதற்கு நல்ல பாடம். நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு அது புதிதுமன்று. திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955-இல் மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. ஹான்சன் 1873-இல் கண்ட அந்தக் கிருமி ஒன்றே. ஆனால் டி செல்கள் வலுவாக எழுந்த உடலில் ஓரிரு தேமல்கள், மிகச் சில கிருமிகள். எழாத உடலில் கிருமிகள் கணக்கின்றிப் பெருகும். இரண்டுக்கும் இடைப்பட்டவர்களிடம், பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில், உறங்கிய டி செல்கள் திடீரென்று சீறி எழுவதுண்டு. கிருமி நரம்பின் உறைச் செல்களுக்குள் குடியிருப்பதால் போர் அங்கேயே நடக்கிறது. வீங்கிய நரம்பு முழங்கையின் இறுகிய இடத்தில் நசுங்க, விரல்களுக்கு ஆணை போவதில்லை. இதற்கு மருந்து பிரெட்னிசலோன். கூட்டு மருந்தை நிறுத்தவே கூடாது.

சென்ற தை மாதம் எங்கள் தெருவில் சிகிச்சையிலிருக்கும் அத்தை ஒருவருக்குத் தேமல் சிவந்தது. "மாத்திரையைத் தூக்கிப் போடு" என்றார் ஆயா. எனக்கு உடல் பதறியது. சிலேட்டில் படம் போட்டு, ஸாப்-70 என்றெல்லாம் சொல்லாமல், மதகையும் வாய்க்காலையும் வைத்தே ஒரு மணி நேரம் விளக்கினேன்.

ஆயா தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எங்கைய மடக்குனது மாத்திரை இல்லியா கண்ணு?"

"இல்ல ஆயா. அப்பவே போயிருந்தா அதுக்கும் மாத்திரை இருந்துச்சு."

நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை முதல் பேருந்தில் அத்தையை மருத்துவமனைக்கு அழைத்துப்போனது ஆயாதான்.