செகண்ட் ஹேண்ட் கார் வாங்கறீங்களா? பெயிண்ட்டைப் பார்க்காதீங்க, ஜாதகத்தைப் பாருங்க!

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் இருக்கறவங்களுக்கு அடையாறு எப்படிப் பொங்கும்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகள்ல தாம்பரத்துல 24 மணி நேரத்துல சுமார் 49 செ.மீ. மழை. அடுத்து 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். ரெண்டு தடவையும் வாசல்ல நின்ன கார்கள் தண்ணிக்குள்ள போச்சு. 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரை நிறுத்தினாங்களே, அந்தப் பயம் சும்மா வந்தது இல்லை.

இப்ப ஒரு கேள்வி. அப்படி மூழ்கின காரெல்லாம் எங்கே போச்சு? சிலது காயலான் கடைக்கு. மீதி? கழுவி, பாலிஷ் போட்டு, திரும்ப மார்க்கெட்டுக்கு. அதனால மதுரையிலோ கோவையிலோ கார் தேடறவங்களுக்கும் இந்தப் பதிவு பொருந்தும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஆர்சி புக்ல "வெள்ளத்தில் மூழ்கிய வண்டி"ன்னு எழுதியிருக்காது. நாமதான் கண்டுபிடிக்கணும். நாலு படியா பார்க்கலாம்.

1. அரசாங்கப் பதிவு

எம்-பரிவாஹன் ஆப்ல வண்டி நம்பரைப் போடுங்க. பதிவான தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் எதுவரைக்கும் இருக்குன்னு தெரியும். அதை ஆர்சியோட ஒப்பிடுங்க. ஆர்சியில இருக்கற சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில அடிச்சிருக்கறதோட ஒத்துப்போகணும். ஒரு எழுத்து மாறினாலும் அங்கேயே நிறுத்திடுங்க. எத்தனாவது ஓனர்னும் ஆர்சியில பாருங்க. இ-சலான் இணையதளத்துல கட்டாத அபராதம் இருக்கான்னும் தேடுங்க.

2. கடன் பாக்கி

ஆர்சியில "ஹைபாதிகேஷன்"னு ஒரு பேங்க் பேர் இருந்தா, அந்த வண்டி மேல கடன் இருக்குன்னு அர்த்தம். "அதெல்லாம் எப்பவோ கட்டி முடிச்சாச்சு சார்"னு சொன்னா போதாது. பேங்க் கொடுத்த என்ஓசியும் படிவம் 35-ம் கையில இருக்கணும். கடன் இன்னும் பாக்கின்னா, அந்தத் தொகையை விக்கறவர் கையில கொடுக்காதீங்க. நேரா அவரோட லோன் அக்கவுண்ட்ல கட்டுங்க.

3. என்சிபி சொல்லும் ரகசியம்

நிறைய பேர் விட்டுடற இடம் இதுதான். க்ளெய்ம் எடுக்காத ஓனருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வருஷா வருஷம் தள்ளுபடி கொடுக்கும். 20%, 25%, 35%, 45%, 50%னு படிப்படியா ஏறும். ஓன் டேமேஜ் க்ளெய்ம் எடுத்தா பொதுவா திரும்ப பூஜ்யம்.

உதாரணம் பாருங்க. 2018 மாடல், ஒரே ஓனர், "ஒரு க்ளெய்ம்கூட இல்லை"ன்னு சொல்றார். அப்படின்னா பாலிசியில 50% இருக்கணும். ஆனா 20%தான் இருக்குன்னு வைங்க. போன பாலிசி வருஷம் க்ளெய்ம் இல்லை, அதுக்கு முந்தின வருஷம் ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம். மூணு நாலு வருஷ பாலிசி காப்பியைக் கேட்டு வாங்கி, பூஜ்யம் ஆன வருஷத்தைப் பாருங்க. மிக்ஜாமுக்கு அடுத்து வந்த புதுப்பிப்புன்னா உஷார்! பாலிசி முடிஞ்சு 90 நாளுக்கு மேல புதுப்பிக்காம விட்டாலும் என்சிபி போயிடும். அதனால உடனே குற்றம் சொல்லாம, காரணம் கேளுங்க, பில் கேளுங்க.

4. வண்டியே சொல்லும் சாட்சி

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. உள்ளே இருக்கற பகுதியில சேறு படிஞ்ச கோடு இருக்கலாம். ஸ்டெப்னி வைக்கற குழி, சீட்டுக்கு அடியில இருக்கற தண்டவாளம், ஃப்யூஸ் பாக்ஸ் எல்லாத்துலயும் துரு, வண்டல் இருக்கான்னு பாருங்க. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்ல சர்வீஸ் வரலாறு கேட்டு, கிலோமீட்டர் ஒழுங்கா ஏறியிருக்கான்னு சரிபாருங்க. கடைசியா உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. விக்கறவர் காட்டற மெக்கானிக் வேண்டாம்.

ஏன் இவ்வளவு பாடு? மார்க்கெட் விலையைவிட 50,000 ரூபாய் கம்மின்னு ஒரு கார் கிடைக்குதுன்னு வைங்க. தண்ணி புகுந்த வண்டியில வயரிங், சென்சார், இசிஎம் எல்லாம் மாசக்கணக்குல கழிச்சுக்கூட மக்கர் பண்ணும். அந்தப் பழைய பாதிப்புக்கு உங்க புது இன்சூரன்ஸ் பைசா தராது. லாபம்னு நினைச்ச 50,000, ரெண்டு ரிப்பேர்ல கரைஞ்சிடும்.

பேர் மாத்தறதைத் தள்ளிப்போடாதீங்க

படிவம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கின பிறகுதான் முழுப் பணம். ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா, விக்கறவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும், வாங்கறவர் 30 நாளுக்குள்ள. இன்சூரன்ஸை உங்க பேருக்கு மாத்த 14 நாள்தான் அவகாசம். மாத்தலைன்னா உங்க காருக்கு வர்ற சேதத்துக்கு க்ளெய்ம் கிடைக்காம போகலாம். பழைய ஓனரோட என்சிபி உங்களுக்கு வராது, அது ஆளோட போறது.

காரை விக்கறவங்களும் கேட்டுக்குங்க. 2007-ல வித்த ஒரு கார், பல கை மாறி, 2009-ல விபத்துல சிக்குச்சு. ஆர்சியில பேர் மட்டும் மாறவே இல்லை. பதிவேட்டில யார் பேர் இருக்கோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. அதனால சாவியைக் கொடுத்தா முடிஞ்சதுன்னு இருக்காதீங்க. பேர் மாறின ஆர்சியோட நகலைக் கேட்டு வாங்கி பத்திரமா வைங்க.

இந்த வாரம் கார் பார்க்கப் போறீங்கன்னா, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி மூணு காகிதம் கேளுங்க: ஆர்சி, மூணு நாலு வருஷ பாலிசி, சர்வீஸ் பில். கொடுக்கத் தயங்கறவர்கிட்ட வாங்காதீங்க. வேற கார் கிடைக்கும். சேமிச்ச பணம் போனா அதைத் திரும்பச் சேர்க்கறதுதான் கஷ்டம்.