ஓசூர்க் கடிகாரத்துக்குள் ஓர் எண்

ஓசூர்ப் பகுதி அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். எங்கள் மாணவர்கள் பலரின் வீட்டில் யாராவது ஒருவர் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். அடுக்குகள் பாடத்தில் 2, 4, 8, 16 என்று எழுதும்போது, "இது எதுக்கு சார்?" என்று கேட்பார்கள். அதற்கான விடை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அது 32,768 என்ற எண்.

டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில் உள்ளது. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில், இசைக்கவை வடிவில் ஒரு சிறு படிகம் இருக்கும். பேட்டரியின் மின்சாரத்தால் அது பொதுவாக நொடிக்கு 32,768 முறை அதிரும். நொடி முள்ளுக்கோ நொடிக்கு ஒரு துடிப்பு போதும். ஆகவே, கடிகாரத்தின் மின்சுற்று அந்த எண்ணிக்கையைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வருகிறது.

இதை வகுப்பில் செய்து பார்க்கலாம். ஒரு குழுவுக்கு 30,000, மற்றொரு குழுவுக்கு 32,768 கொடுத்து, பாதியாக்கிக்கொண்டே போகச் சொல்கிறேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் கலந்த வகுப்பு இது. அரை, அர, அரெ என மூன்று மொழிகளிலும் சொல் ஏறத்தாழ ஒன்றே என்பதால் வேலை எளிதாக நடக்கிறது. முதல் குழு 15,000, 7,500, 3,750, 1,875 என நான்கே படிகளில் நின்றுவிடும். இரண்டாம் குழு 15 படிகளில் சரியாக 1ஐ அடையும். ஏனெனில் 32,768 = 2¹⁵. நமக்கு வசதியாகத் தெரியும் 30,000 கடிகாரத்துக்கு உதவாது.

பிறகு, மாணவர்களே கண்டறிய வேண்டிய பண்புகள்:

1. அடுக்கு 15 ஒற்றைப்படை. எனவே இது முழு வர்க்கம் அன்று. 15 = 3 × 5 என்பதால் 32³ ஆகவும் 8⁵ ஆகவும் எழுதலாம்.

2. இதற்கு 16 காரணிகள். தன்னை விடுத்து மற்ற காரணிகளைக் கூட்டினால் 32,767, ஒன்றுதான் குறைவு.

3. 9 = 4 + 5 என்பதுபோல, இதை அடுத்தடுத்த இயல் எண்களின் கூடுதலாக எழுத முடியாது. அப்படிப்பட்ட கூடுதல் எதற்கும் 1ஐவிடப் பெரிய ஒற்றைப்படைக் காரணி ஒன்று உண்டு. 2இன் அடுக்குகளுக்கு அது இல்லை.

ஏன் 2¹⁴ அல்லது 2¹⁶ கூடாது என்று மாணவர்கள் கேட்பார்கள். மனிதக் காது ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை உணரும். 16,384 அதற்குள் வந்துவிடும். 65,536 ஆனால் பேட்டரிச் செலவு கூடும். 1969இல் ஜப்பானின் சீகோ நிறுவனம் வெளியிட்ட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 8,192 அதிர்வுகளைக் கொண்டது. அதில் எத்தனை முறை பாதியாக்க வேண்டும் என்று கேட்டால், 13 என்பார்கள்.

வீட்டுப்பாடமாக ஒரு நாளின் அதிர்வுகளைக் கேட்கலாம். 86,400 நொடிகள் என்பது 2⁷ × 3³ × 5². ஆகவே விடை 2²² × 3³ × 5², அதாவது 2,83,11,55,200. இதன் இறுதியில் எத்தனை சுழியங்கள் வரும் என்பதைப் பெருக்காமலேயே சொல்லச் சொல்லுங்கள். 5 இரண்டு முறை இருப்பதைப் பார்த்து "இரண்டு" என்று சொல்லும் பிள்ளைக்குப் பகாக் காரணிப்படுத்தல் புரிந்துவிட்டது.