நாற்பதைத் தாண்டியவர்களுக்கு: தசைக்கு வலு தரும் வைட்டமின் டி

தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லையா? மாடிப்படியில் தொடை கடுக்கிறதா? எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிடாதீர்கள். வைட்டமின் டி குறைந்தாலும் இடுப்பு, தொடைத் தசைகள் தளரும்.

• வெயில்: காலை 10 மணிக்கு மேல் கை, கால்களில் நேரடியாக வெயில் படும்படி சிறிது நேரம் நடக்கலாம், தோல் சிவக்கும் அளவுக்கு வேண்டாம். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலால் பயனில்லை. கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் தேவை.

• உணவு: மத்தி மீனிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் வைட்டமின் டி உண்டு. காளானை வெயிலில் வைத்துச் சமைத்தால் சத்து கூடும். கொழுப்பில் கரையும் சத்து என்பதால், மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்குவது நல்லது.

• சோதனை: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்பார்கள்.

• எச்சரிக்கை: 60,000 யூனிட் மாத்திரை பெரும்பாலும் வாரம் ஒன்றுதான். தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு வரலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

• உடற்பயிற்சி: குறைபாடு இல்லாதவருக்கு மாத்திரையால் மட்டும் தசை வளராது. பருப்பு, சுண்டல், தயிர், மீன் என்று புரதம் சேருங்கள். வாரம் இரண்டு நாளாவது நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியோ, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கும் பயிற்சியோ செய்யுங்கள்.